ஹோய்ட் வாட்ஃபோர்டின் வலது பக்கம்

"இந்த டார்லிங்டன் சுவத்துல உரசாம வண்டி ஓட்டுறது என்ன பெரிய வித்தையாய்யா? கண்ணு ரெண்டும் முன்னால இருந்தா போதும். எழுதி வச்சுக்கோங்க. ஹோய்ட் வாட்ஃபோர்ட் வண்டியில அந்தச் சுவரு கோடு போடுற நாளு இன்னும் பொறக்கல. பொறக்கவும் பொறக்காது!"

ஜுவனிட்டா அம்மாளின் காலைச் சாப்பாட்டுக் கடையில், வாய் நிறையச் சோள ரவைக் கஞ்சியோடு ஹோய்ட் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அவசியமும் இல்லை. செப்டம்பர் மாதக் கார்ப் பந்தயம் நெருங்க நெருங்க, ஆகஸ்ட் மாதம் முழுவதும் அவர் அதை நாள் தவறாமல் சொல்லிவந்தார். மழை பொய்த்த வருஷங்கள் உண்டு. புகையிலை விலை விழுந்த வருஷங்கள் உண்டு. ஹோய்ட் இதைச் சொல்லாத வருஷம் கிடையாது.

சொல்வதற்கு அவருக்குத் தகுதி இருந்தது என்பதுதான் ஊருக்குப் பெரிய தொல்லை. முப்பது வருஷமாக அவர் ஸ்கூல் பஸ் ஓட்டிவந்தார். அந்த மஞ்சள் பஸ்ஸில் உள்ளே பிள்ளைகள் செய்த சேதத்துக்கு அளவில்லை. வெளியே ஒரு நகக்கீறல் கூட இல்லை. சொந்தமாக ஒரு பழைய ஷெவர்லே பிக்கப் வைத்திருந்தார். வானநீல நிறம். சனிக்கிழமை தோறும் அதற்கு மெழுகு போட்டுத் தேய்த்துவிடுவார். அவர் மனைவி நெல்ரீன் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே சொல்வாள்: "எனக்கும் நாலு சக்கரம் இருந்திருந்தா, என் முதுகையும் இப்பிடித் தேச்சு விட்டிருப்பான் பாவி."

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் பந்தயத் தடம் முட்டை வடிவத்தில் இருக்கிறது. ஒரு முனை பருத்தது, ஒரு முனை சிறுத்தது. தடம் போட்ட காலத்தில் பக்கத்தில் ஒரு மீன்குஞ்சுக் குளம் இருந்ததாம். அதைத் தொடக்கூடாது என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டாராம். அன்று அந்தக் குஞ்சுகளுக்குக் காட்டிய கருணைக்கு இன்றுவரை கார்கள் அனுபவிக்கின்றன. ஒரு முனையில் சரியாகத் திரும்பும் வண்டி மறுமுனையில் திரும்பாது. வேகமாகப் போக வழி ஒன்றே ஒன்று: உள்பக்கம் சாய்ந்த வளைவில், சரிவின் உச்சியில், வெளிச்சுவரை ஒட்டி. ஒட்டிப் போனால் என்றைக்காவது ஒட்டிக்கொள்ளும். காரின் வலது பக்கம் முழுக்க ஒரு நீளமான சிராய்ப்பு விழும். அதற்குத்தான் கோடு என்று பெயர். எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் எங்கள் ஊர்க் கோட்டை வாங்கிய பிறகுதான் அவனைப் பந்தயக்காரன் என்று ஏற்றுக்கொள்வோம்.

ஹோய்டுக்கு மட்டும் இது பிடிபடவில்லை. "சுவத்துல இடிச்சுட்டு அதுக்குப் பேரு கவுரவமா? எங்க பஸ்ஸுல இடிச்சா வீட்டுக்கு அனுப்பிருவான்யா!" என்பார். பக்கத்து மேஜையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் கார்லைல் பிப்கின் பெருமூச்சு விடுவார்.

அந்த வருஷம் ஹோய்ட் ஓய்வு பெறுவதாக இருந்தது. பாப்டிஸ்ட் சர்ச்சின் ஆண்கள் சங்கத்துக்குக் கார்லைல்தான் தலைவர். அக்டோபரில் நடக்கும் மீன் வறுவல் விருந்தில் ஹோய்டுக்கு ஒரு பட்டயம் கொடுப்பதென்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். "முப்பது வருஷமா என் பட்டறைக்கு ஒரு வேலை குடுக்காத ஒரே மனுஷன். அந்தத் துரோகத்துக்காவது ஏதாச்சும் செய்யணும்ல?" 'கோடு காணாத ஓட்டுநர்' என்று தேக்குப் பலகையில் பித்தளை எழுத்து. ஹோய்ட் அதை மாட்டுவதற்குக் கூடத்தில் ஆணி அடித்துவிட்டார். அங்கே அதுவரை தொங்கிய நெல்ரீனின் அம்மா படம் இடம் மாறிப் பின்கட்டுக்குப் போனது.

போதாக்குறைக்கு, பந்தயத்தன்று ஓட்டுநர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று மெதுவாகப் பவனி வர ஊர்க்காரர்களின் பழைய வண்டிகளைக் கேட்டிருந்தார்கள். வானநீலப் பிக்கப்புக்கும் அழைப்பு வந்தது.

பந்தய நாள். காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். கல்யாணப் பெண் போல நின்றது. ஹோய்டின் பிக்கப்பில் ஏறியவர் டேல் ஆஸ்ட்ரம் என்பவர். மினசோட்டாக்காரர், மரியாதையான மனிதர், எங்கள் ஊருக்கு முதல் வருகை. பின்தட்டில் நின்று கூட்டத்துக்குக் கையசைப்பது அவர் வேலை. ஹோய்டின் வேலை ஓட்டுவது மட்டும். ஆனால் பின்பக்கக் கண்ணாடி ஜன்னல் திறந்திருந்தது. ஹோய்டின் வாயும் திறந்திருந்தது.

"இந்தச் சுவருக்குப் பயப்படுறீங்களா தம்பி?"

"எல்லாரும் பயப்படச் சொல்றாங்க சார்."

"எல்லாரையும் விடுங்க. நான் சொல்றதைக் கேளுங்க. மேல, சுவரை ஒட்டிப் போகணும். ஒரு சாண் இடைவெளி. கையை ஆட்டவே கூடாது. இருங்க, காட்டுறேன்."

"காட்டவா? சார், முன்னாடி போற வண்டியெல்லாம் கீழதான் போகுது..."

"அவங்களுக்குத் தெரியாது தம்பி."

அப்போது வானத்திலிருந்து ஒருவர் பெரிய கொடியோடு பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. பின்னால் வந்தது கருநீல ஃபோர்டு கன்வெர்ட்டிபிள். அதை ஓட்டியவர் கிழவர் பர்விஸ் பேர்ட். சோடா பாட்டில் அடிபோலத் தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவர். பின்சீட்டின் மேல் அந்த வருஷத்துச் சர்க்கரைவள்ளிக்கிழங்குத் திருவிழா அழகுராணி உட்கார்ந்திருந்தாள். இருவரும் கூடப் பாராசூட்டைத்தான் பார்த்தார்கள். பார்க்காதவர் இரண்டே பேர்: ஹோய்ட், ஆஸ்ட்ரம்.

பந்தயக் கார்கள் பறக்கிற வேகத்தில்தான் சரிவு அவற்றைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பஸ் வேகத்தில் போகும் பிக்கப்போ பூசணிக்காய் போலக் கீழே உருளத்தான் பார்க்கும். அதை மேலேயே நிறுத்த ஹோய்ட் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தார். நன்றாகத்தான் போனது. சுவர் ஒரு சாண் தள்ளி, சாதுவாக, கூடவே வந்தது. "பாத்தீங்களா!" என்று திரும்பி ஆஸ்ட்ரமைப் பார்த்தார். அந்த நொடியில் வளைவு முடிந்தது, சரிவு படுத்தது, வலப்பக்கம் இழுத்த ஸ்டீயரிங் மட்டும் இழுத்தபடியே இருந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. வாணலியில் கரண்டி உரசியது போல ஒரு நீண்ட 'கர்ர்ர்'. 

ஆஸ்ட்ரம் கூரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சார், பந்தயம் இன்னும் ஆரம்பிக்கலையே?"

இறங்கும்போது அவர் ஹோய்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனதாரத்தான் குலுக்கினார். "ஏன் சார் முகம் வாடுது? இதை வாங்கத்தான் நாங்க இம்புட்டுத் தூரம் வர்றோம். உங்களுக்கு முத சுத்துலயே கெடச்சிருச்சு!" அவருக்கும் அன்று கிடைத்தது, காரின் வலது பக்கத்தில் ஸ்பான்சர் பெயரில் ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை. மகிழ்ச்சியோடு ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஹோய்ட் மகிழவில்லை. கதவிலிருந்து பின்மட்கார்டு வரை வெள்ளைக் கோடு. வண்டியை ஓர் ஓரமாக, வலது பக்கம் வேலியோடு ஒட்டி நிறுத்தினார். அன்று முதல் அந்த வண்டிக்கு இடது பக்கம் மட்டும்தான் இருந்தது.

ஜுவனிட்டா கடையில் செங்கல் சுவரோடு ஒட்டி நிறுத்துவார். சர்ச்சில் புதரோடு ஒட்டி நிறுத்துவார். அந்த இடம் பிடிக்க ஜெபக்கூட்டத்துக்கே முதல் ஆளாக வந்தார். பாதிரியார் ரெவரெண்ட் மெக்லாம் அவருடைய பக்தியை உதாரணம் காட்டிப் பிரசங்கம் செய்தார். வேறு ஊர்ப் பட்டறைக்குக் கொண்டு போகலாமென்றால், இந்த மாவட்டத்தில் வலது பக்கம் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு "எப்படி விழுந்தது?" என்று கேட்கிறவன் எவனும் இல்லை. ஹார்ட்ஸ்வில் போய் ஒரு டப்பா வானநீலம் வாங்கிவந்து ஓரத்தில் கொஞ்சம் பூசிப் பார்த்தார். அது வானத்தின் நீலமாக இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் நீலமாக இருந்தது. டப்பாவை மூடிவிட்டார்.

நெல்ரீனையும் ஸ்டீயரிங் இருக்கும் இடது பக்கமாகவே ஏறச் சொன்னார். "இந்தப் பக்கமா வா கண்ணு. ஏறி அப்பிடியே நகர்ந்து உக்காரு."

"அட! கல்யாணமான புதுசுல கூட நீ இப்பிடிச் சொன்னதில்லையே!"

ஓய்வு பெறப்போகும் ஆணின் மனதில் காதல் திரும்பிவிட்டதென்று அவள் நம்பினாள். தலைக்குச் சாயம் கூடப் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு சனிக்கிழமை அவர் வண்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் மெழுகு போடுவதை ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவர் உள்ளே போனதும், வண்டி ஒட்டி நின்ற வீட்டோரப் புதரை விலக்கி மறுபக்கத்தை எட்டிப் பார்த்தாள். சாயத்தை வீணாக்கியதற்காக அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பைக் கூட்டினாள், அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சுவரிலும் ஒரு கோடு விழுந்திருந்ததே! புதிதாக வெள்ளை அடித்த சுவரில், பந்தயம் தொடங்கும் முன்பே, தன்னந்தனியாக ஒரு நீலக்கோடு. டிவி கேமரா அதை நின்று நிதானமாகக் காட்டியது. அன்று ஓடிய கார்களில் ஒன்று கூட நீலமில்லை. யார் அந்த நீலம்? ஜுவனிட்டா கடையில் வாரக்கணக்கில் வேறு பேச்சே இல்லை. 

"பவனியில போன வண்டிதான். நம்மாளு எவனோ" என்றார் கார்லைல்.

"பவனியில நீலம்னா ரெண்டுதான்" என்றாள் ஜுவனிட்டா, கஞ்சி ஊற்றிக்கொண்டே. "ஒண்ணு ஹோய்டோடது."

ஹோய்டின் கரண்டி நடுவழியில் நின்றது. கடை முழுவதும் சிரித்தது.

"ஹோய்டா? சுவரு வேணா இவன் மேல வந்து இடிச்சிருக்கும்!" கார்லைல் மேஜையைத் தட்டினார். "அது பர்விஸ் பெருசோட ஃபோர்டு. நான் நேர்ல போய்ப் பாத்தேன். பட்டறைக்காரன் சொல்றேன், கேட்டுக்கோங்க. கருநீலம் வெள்ளை மேல தேய்ஞ்சா வானநீலமாத்தான் தெரியும். இது தொழில் ரகசியம்."

நிபுணர் வாயிலிருந்து வந்துவிட்டது, மறுபேச்சு ஏது? பர்விஸின் ஃபோர்டில் ஏற்கெனவே எல்லாப் பக்கமும் கீறல். அதில் எந்தக் கீறல் சுவரால் வந்தது, எது தபால் பெட்டியால் வந்தது என்று சொல்ல அவராலேயே முடியாது. ஹோய்ட் தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக வண்டி ஓட்டுவதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லாமல் கஞ்சியைக் குடித்து முடித்தார். 

பர்விஸ் ஒரு காலத்தில் புகையிலை ஏலம் கூவியவர். மூச்சு விடாமல் கூவிக் கூவி வேகமெல்லாம் தீர்ந்துபோய், இப்போது ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் கேட்கிறவர் காபி குடித்துவிட்டு வரலாம். "நான்... இடிக்கல... போல இருக்கே" என்று முதலில் சொல்லிப்பார்த்தார். ஆளுக்கு ஆள் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். பிறகு செய்தி அவர் மகள் லொரெய்ன் காதுக்குப் போனது. நர்ஸ் வேலை பார்ப்பவள், கண்டிப்பானவள். கிழங்கு ராணியைப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரில் உரசியவர் நாளைக்கு யாரை வைத்துக்கொண்டு எதில் உரசுவாரோ! சாவியைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். 

ஒரு மதியம் ஹோய்ட் அந்த வழியாகப் போனார். பர்விஸ் வீட்டு முற்றத்தில் ஃபோர்டு நின்றது. கூரை திறந்திருந்தது. கிழவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி. பின்சீட்டிலிருந்து தூண்டில் கம்பு வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் பிளாக் க்ரீக் ஓடைக்கு மீன் பிடிக்கக் கிளம்பும் நேரம் அது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

ஹோய்டால் தாண்டிப் போக முடியவில்லை. வலது பக்கத்தை அசேலியாப் புதருக்குள் செருகி நிறுத்திவிட்டு இறங்கினார்.

"என்ன பெருசு, ஓடைக்கா?"

"ஆமா. ஆனா... சாவி இல்ல." கிழவர் யோசித்தார். "நான்தான் இடிச்சிருப்பேன் போல ஹோய்ட். எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா ஊரே சொல்லுதே. பாராசூட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்ல... லொரெய்ன் பண்ணுனது சரிதான். பாவம், அந்தக் கெழங்குப் பொண்ணு. ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"ஒண்ணும் ஆகலையே. விடுங்க."

"நீ நல்லா ஓட்டுவ. ஒரு கோடு வாங்கினதில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உன்னைப் பாத்தாலே எனக்குக் கொஞ்சம் வெக்கமா இருக்குப்பா."

ஹோய்ட் அவரை இடது பக்கமாக ஏற்றி, நகர்த்தி உட்காரவைத்து, ஓடைக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு தினமும் கொண்டுபோனார். வழியில் உபதேசம் எதுவும் இல்லை. ஊர் இதையும் பார்த்தது. "எவ்வளவு பெரிய மனசு!" என்றது. கார்லைல் பட்டயத்தில் இன்னொரு வரி சேர்த்தார்: 'முதியோரின் தோழர்.'

அக்டோபர் மாதச் சனிக்கிழமை. மீன் வறுவல் விருந்து. ஹோய்ட் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வழக்கம்போல இடது கதவைத் திறந்து பிடித்தபடி நெல்ரீனுக்காகக் காத்து நின்றார். அவள் வந்தாள். கையில் எலுமிச்சைக் கேக். திறந்த கதவைத் தாண்டி, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி, புதரை விலக்கிக்கொண்டு, வலது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"முள்ளு... பாவாடையை முள்ளு கிழிச்சிரப்போகுது" என்று அவர் என்னவோ உளறினார்.

"பரவாயில்ல" என்றாள் நெல்ரீன். "எனக்கு இந்தப் பக்கம்தான் பழக்கம்."

சர்ச் மைதானத்தில் ஓக் மரத்தடியில் நீளமேஜைகள். எண்ணெய்ச் சட்டியில் கெளுத்தி மீன் பொரிந்துகொண்டிருந்தது. இன்னொரு அண்டாவில் கோழியும் அரிசியும் குழையக் குழைய வெந்தன. ஹோய்ட் பழக்கதோஷத்தில் புதரோடு ஒட்டி நிறுத்தினார். நெல்ரீன் இடது பக்கமாக நகர்ந்து இறங்கினாள். பர்விஸ் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லொரெய்ன், மடியில் கைப்பை.

கார்லைல் எழுந்து தொண்டையைச் செருமினார். பட்டயத்தின் மேலிருந்த துணியை விலக்கினார். பித்தளை பளபளத்தது. "நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஒரு கோடு உண்டு. எனக்கு உண்டு. ரெவரெண்டுக்கு உண்டு, நடுரோட்டுல அவர் குப்பைத்தொட்டியை இடிச்சதை யாரும் மறக்கல. நம்ம பர்விஸ் பெருசு டிவி வரைக்கும் போயிட்டாரு!" 

எல்லோரும் சிரித்தார்கள். பர்விஸும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"கோடே இல்லாத ஒரே ஆளு... ஹோய்ட், எந்திரிப்பா! பேசு!"

கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. ஹோய்ட் பேச ஆரம்பித்தால் மீன் ஆறிப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சிலர் அவசரமாக இரண்டு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். 

ஹோய்ட் எழுந்தார். பட்டயத்தைப் பார்த்தார். கார்லைலைப் பார்த்தார். 

"ஒரு நிமிஷம்" என்றார்.

மேஜைகளைத் தாண்டி நடந்து போனார். பிக்கப்பில் ஏறிக் கிளப்பினார். "பேச்சை வண்டியில மறந்து வச்சுட்டான் போல" என்றார் கார்லைல். "ரெவரெண்ட், எதுக்கும் அடுப்பை அணைக்காதீங்க."

வானநீலப் பிக்கப் புதரை விட்டு வெளியே வந்தது. மைதானத்தில் ஒரு பெரிய வட்டம் அடித்தது. மெதுவாக, ஸ்கூல் பஸ் மாதிரி, திரும்பும் இடத்தில் விளக்குக் கூடப் போட்டுக்கொண்டு. பிறகு மேஜைகளுக்கு எதிரே, வலது பக்கம் முழுவதும் தெரியும்படி வந்து நின்றது.

எஞ்சின் அணைந்தது. கார்லைல் பட்டயத்தை ஏந்தியபடியே போய்க் குனிந்து, கதவிலிருந்து பின்மட்கார்டு வரை விரலை ஓட்டினார். விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார். தொழில் ரகசியம் எதுவும் சொல்லவில்லை.

லொரெய்ன் கைப்பையைத் திறந்தாள்.

ஹோய்ட் இறங்கித் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். தட்டைப் பக்கம் இழுத்துக்கொண்டார். மீன் இன்னும் சூடாகத்தான் இருந்தது.